தண்ணீருக்காக ஒரு கோட்டை

மும்பை போகும் நம் குடியிருப்பு நண்பர்கள் பாந்த்ராவில் சினிமா நட்சத்திரங்களின் பங்களா வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை பாண்ட்ஸ்டாண்ட் கடற்கரைச் சாலையிலேயே தெற்கு நோக்கி, நிலம் முடிகிற வரைக்கும் நடந்து பாருங்கள். கருங்கல் சுவர், வளைந்த ஒரு வாசல், சரிவு முழுக்க மரங்கள். அதுதான் பாந்த்ரா கோட்டை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

போர்த்துக்கீசியர் இதை 1640இல் கட்டினார்கள். வாசலில் அந்த ஆண்டைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. அவர்கள் வைத்த பெயர் 'காஸ்தெல்லா டி அகுவாடா'. கப்பல்கள் குடிநீர் நிரப்பிக்கொள்ளும் இடத்தை அவர்கள் மொழியில் அகுவாடா என்பார்கள். இங்கே ஒரு நன்னீர் ஊற்று இருந்தது. கோவாவில் 1612இல் கட்டிய அகுவாடா கோட்டைக்கும் இதே காரணத்தால்தான் அந்தப் பெயர். மாதக்கணக்கில் கடலில் வந்தவனுக்கு பீரங்கியைவிடத் தண்ணீர் முக்கியமாக இருந்திருக்கும். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

1661இல் போர்த்துக்கல் இளவரசி காதரினை இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்குக் கொடுக்க ஒப்பந்தமானபோது, பம்பாய்த் தீவு சீதனமானது. பாந்த்ரா சீதனத்தில் சேரவில்லை. அதனால் மாஹிம் விரிகுடாவின் தென்கரையில் ஆங்கிலேயர், வடகரையில் போர்த்துக்கீசியர் என்று சம்பந்திகள் எதிரெதிரே கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1739இல் மராட்டியர் நெருங்கி வந்தார்கள். கோட்டை அவர்கள் கைக்குப் போனால் பம்பாய்க்கு ஆபத்து என்று ஆங்கிலேயர் பயந்தார்கள். அதனால் முன்னெச்சரிக்கையாகக் கோட்டையின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அந்த இடிப்பில் தப்பிய மிச்சம்.

அந்த மிச்சமும் ஒரு கட்டத்தில் போய்விடும் நிலையில் இருந்தது. அலை அரித்ததில் சுவரின் அடித்தளக் கற்கள் பெயர்ந்துவிட்டன. வாசல் வளைவு ஒன்று விழக் காத்திருந்தது. 2003இல் முன்வந்தவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற குடியிருப்பாளர்கள்தான்! 'பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் குடியிருப்போர் அறக்கட்டளை' சீரமைப்பைக் கையில் எடுத்தது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை ஷபானா ஆஸ்மி முன்னின்று, தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து செலவின் ஒரு பகுதியைக் கொடுத்தார். நம் சங்கக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தாலே பெரிய விஷயம் என்பதை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது அந்த அடக்கம். வளைவைப் பழுதுபார்த்தார்கள், அடித்தளத்துக்குக் கல் வைத்துக் கட்டினார்கள். இடிந்த கோட்டையைப் புதுக் கோட்டையாக்க முயலவில்லை. கடலோரப் பாறைகளை இருந்தபடியே விட்டு, நடைபாதை போட்டு, சரிவில் ஒரு திறந்தவெளி அரங்கம் அமைத்தார்கள். இப்போது அங்கே கச்சேரியும் நடனமும் நடக்கின்றன.

சாயங்காலம் போவது நல்லது. மேலே ஏறி நின்றால், 2009இல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடல் பாலம் முழுசாகத் தெரியும். முட்டி வலி உள்ளவர்கள் கீழ்ப் படிகளிலேயே உட்காரலாம், காற்று அங்கேயும் நன்றாக வரும்.