புட்டிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு

விற்பனைக்கு அடைக்கப்படும் குடிநீரிலிருந்து தூசி, உப்பு, கிருமி ஆகியவற்றை நீக்கும் தொழில்முறை. இந்த வணிகம் ஐரோப்பாவில் வேரூன்றியபோது சுத்திகரிப்புக்கு அதில் வேலையே இல்லை. இன்றைய பிரான்சிலுள்ள எவியானில் 1829-இல் ஊற்றுநீரை அடைக்க நிறுவனம் தொடங்கியபோது, நீரில் கரைந்திருந்த தாதுக்களுக்காகவே மக்கள் காசு கொடுத்தார்கள். இயற்கைக் கனிமநீரில் கிருமிநாசினி சேர்க்க ஐரோப்பியச் சட்டம் இன்றும் விடுவதில்லை. நம் ஊர் கேன் தண்ணீர் நேர் எதிர்வகை: ஆழ்துளைக் கிணற்று நீரில் இருப்பதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு விற்பது.

இந்தத் திருப்பத்துக்குக் காரணம் ஒரு சவ்வு. 1748-இல் பிரெஞ்சுப் பாதிரியார் நொல்லே, மதுச்சாரம் நிரப்பிய கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து பை புடைத்தது. அழுத்தம் கொடுத்து இந்தப் போக்கைத் திருப்பினால் உப்புநீரிலிருந்து நன்னீரைப் பிரிக்கலாம்; எதிர்ச் சவ்வூடுபரவல், சுருக்கமாக ஆர்.ஓ., என்பது இதுதான். 1950-களின் இறுதியில் புளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுப்பதைக் காட்டினார்கள். நீர் வந்த வேகம்தான் உதவவில்லை. லாஸ் ஏஞ்சலிசில் சிட்னி லோபும் இந்தியரான சௌரிராஜனும் மேலே மெல்லிய அடர்தோல், அடியில் துளை நிறைந்த தாங்கல் என்று படலத்தை வார்த்ததும் நீர் பலமடங்கு வேகமாக இறங்கியது. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்காவில் முதல் ஆலை ஓடியது. ஒரு காலத்தில் ரயிலில் குடிநீர் வாங்கிய ஊர் அது. 1970-களில் ஜான் கடோட் உருவாக்கிய பாலிஅமைடு சவ்வுதான் இன்றைய ஆர்.ஓ. குழாய்களுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆலைக்குள் சவ்வுக்கு முன்னால் காவல் அதிகம். மணல் வடிகட்டி கலங்கலை நிறுத்தும். அடுத்து வரும் கரிவடிகட்டி வாடையை மட்டுமல்ல, குளோரினையும் எடுத்தாக வேண்டும். பாலிஅமைடு குளோரின் பட்டால் கெட்டுவிடும். சவ்வைத் தாண்டிய நீருக்குப் புறஊதா விளக்கு உண்டு. ஆனால் விளக்கின் வேலை நீர் அதைக் கடக்கும்வரைதான். கேனுக்குள் சிறிது நேரம் தங்கிக் கிருமியைக் கொன்றுவிட்டு ஆக்சிஜனாக மாறும் ஓசோனைக் கடைசியில் சேர்ப்பது அதனால்தான்.

ஓசோனும் காலை வாரியதுண்டு. 2004-இல் பிரிட்டனில் கோககோலா தன் 'டசானி' நீரை அறிமுகப்படுத்தியது. லண்டனை ஒட்டிய சிட்கப்பின் குழாய்நீரே மூலம் என்று தெரிந்து பத்திரிகைகள் கிண்டலடித்துக்கொண்டிருந்தன. சவ்வு கழற்றிய கால்சியத்தைச் சட்டப்படி ஈடுசெய்யச் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்தது. ஓசோன் அதைப் புரோமேட்டாக்கியது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பு மீறப்பட்டு, ஏறத்தாழ 5 லட்சம் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. குழாயில் வந்தபோது அந்த நீரில் இந்தக் கோளாறு கிடையாது.

இந்தியாவில் இத்தாலியப் பெயரோடு வந்த பிஸ்லெரியை 1969-இல் பார்லே வாங்கியது. 2001 மார்ச்சில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. அடைத்த குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரம், கரைந்த திடப்பொருளை லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. ஆலைகள் பலவற்றில் அளவு இதைவிட வெகுவாகக் குறைந்து, நீர் சப்பென்று இருக்கும். 20 லிட்டர் கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படுவது. அதைச் சரியாகக் கழுவாவிட்டால் சவ்வும் ஓசோனும் செய்ததெல்லாம் வீண்.

சவ்வு தடுத்த உப்பு, உள்ளே விட்ட நீரின் ஒரு பங்கோடு கழிவாக வெளியேறுகிறது. ஒரு கேனை நிரப்ப நிலத்திலிருந்து ஒரு கேனுக்கும் அதிகமாக இறைக்க வேண்டும். 2020-இல் உரிமமின்றி நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.