கல்லுக்கு வயது கண்ட கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணறு வெட்டுவோர் முதலிற் செம்மண்ணை அகழ்வர். சில முழம் சென்றதும் அலவாங்கு வெண்மையான கல்லில் மோதி ஒலிக்கும். முருகைக்கல் என்றும் சுண்ணாம்புக்கல் என்றும் வழங்கும் இக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். வற்றாத ஆறு ஒன்றேனும் ஓடாத அந்நிலத்தில் மழைநீரை வாங்கித் தன் வெடிப்புகளிலும் குகைகளிலும் சேமித்து வைப்பதும் இக்கல்லே. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இதன் கொடைகளாம்.

வெட்டியெடுத்த கல்லைக் கூர்ந்து நோக்கினால் சிப்பியின் வரிகளும், சங்கின் சுருளும், பவளத்தின் துளைகளும் தென்படும். கடல்வாழ் உயிர்களின் உடற்கூறுகள் கல்லோடு கல்லாய் இறுகிய இவற்றை உயிர்ச்சுவடுகள் என்பர். குடாநாடு ஒரு காலத்தில் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியிற் கிடந்தது என்பதற்கு இவையே சான்று. அக்காலம் எக்காலம்? கல்லிலே ஆண்டு பொறிக்கப்படவில்லை. பின் அதன் வயதை அறிந்தது எவ்வாறு?

முதற்படி மிக எளியது. கடலடியிலே சேறும் மணலும் ஓடுகளும் படையின்மேற் படையாகப் படியும்போது, அடியில் உள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. நிலம் புரளாத வரையில் இம்முறை மாறாது. ஆயினும் இது எது முந்தியது என்று சொல்லுமேயன்றி, எத்தனை ஆண்டு முந்தியது என்று சொல்லாது.

இரண்டாம் படி உயிர்ச்சுவடுகளை ஒப்பிடுதல். உயிரினங்கள் தோன்றுகின்றன, சில காலம் பெருகுகின்றன, பின் மறைகின்றன. மறைந்த இனம் மீண்டும் அவ்வாறே தோன்றுவதில்லை. ஆகவே, குறுகிய காலம் வாழ்ந்து பரந்த கடற்பரப்பிற் பரவிய ஓர் இனம், தன்னைத் தாங்கிய படையின் காலத்துக்கு முத்திரையாகிறது. வேலண்ட், மோர்லி டேவிஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1923ஆம் ஆண்டில் இலங்கையின் இத்தகைய படிவுகளை ஆராய்ந்து, அவை மயோசீன் என்னும் காலத்தைச் சேர்ந்தவை என்று இலண்டன் புவியியற் சங்கத்தின் இதழில் எழுதினர்.

யாழ்ப்பாணக் கல்லில் வட்டத் தகடு போன்ற மிகச் சிறிய ஓடு ஒன்று கிடைக்கின்றது. தபெரீனா மலபாரிக்கா என்பது அதன் பெயர். ஓரணுவுயிர் ஒன்று கட்டிய ஓடு அது. மலபார் என்னும் பெயர் அதனோடு ஒட்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. கேரளத்துக் கொல்லத்தை அடுத்த சுண்ணாம்புக்கற் படைகளிலும் அவ்வுயிரே காணப்படுகின்றது. இன்று மன்னார் வளைகுடா பிரித்து நிற்கும் இரு நிலங்களும் அன்று ஒரே வகையான கடலில் நனைந்திருந்தன. ஈம்ஸ் என்னும் அறிஞர் 1950இல் தென்னிந்திய, இலங்கைப் படிவுகளின் காலத்தை மீண்டும் ஆராய்ந்தார். இத்தகைய ஒப்பீடுகளால் யாழ்ப்பாணக் கல் மயோசீன் காலத்தின் முற்பகுதிக்கு உரியது என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஆயினும் மயோசீன் என்பது பெயரே, எண் அன்று. எண்ணைத் தருவதற்கு வேறொரு கடிகாரம் வேண்டும். அக்கடிகாரத்தின் வரலாற்றிலும் இலங்கைக்கு ஓர் இடம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் புகழ்பெற்ற பௌதிகவியலாளர் கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்து வருவதைக் கணக்கிட்டார். 1897இல் அதன் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுவரையே இருக்கலாம் என்று கூறினார். இத்துணைக் குறுகிய காலத்துள் இத்தனை படைகளும் இத்தனை உயிர்களும் தோன்றியிருத்தல் அரிது எனப் புவியியலாளர் ஐயுற்றனர். ஆனால் அவர்தம் கையில் மறுப்பதற்குரிய கணக்கு இல்லை.

1904ஆம் ஆண்டளவில் இலங்கையிற் கரிய நிறமும் மிகுந்த கனமும் கொண்ட புதிய கனிப்பொருள் ஒன்று உலகுக்கு அறிமுகமாயிற்று. தோரியம் மிகுதியாக அடங்கிய அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டனர். அப்பொழுது இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கலை ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற அவர் முதலிற் கற்களை ஆராய்ந்தவரே.

தோரியமும் யுரேனியமும் தாமாகவே மெல்லச் சிதைவன. சிதையும்போது ஈலியம் என்னும் வாயு பிறந்து கனிப்பொருளுக்குள்ளே தங்குகின்றது. இங்கிலாந்தில் ஸ்ட்ரட் என்னும் அறிஞர் இலங்கைத் தோரியனைற்றை எடுத்து, அதில் ஈலியம் உண்டாகும் வேகத்தை அளந்தார். ஏற்கெனவே அடைபட்டிருந்த ஈலியத்தையும் அளந்தார். பழந்தமிழர் பொழுதறிய வைத்த நாழிகை வட்டிலைப் போன்றதே இம்முறை. நீர் புகும் வேகமும் நிறைந்த நீரின் அளவும் தெரிந்தால் கழிந்த நேரம் தெரியும். 1910இல் வெளியான அவர் கணக்கின்படி அக்கனிப்பொருளின் வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஈலியம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும் ஆதலால் உண்மை வயது இதனினும் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இலங்கையின் ஒரு கரிய கல்லுக்கே அத்துணை வயதாயின், பூமி முழுவதற்கும் 4 கோடி ஆண்டு எங்ஙனம் போதும்? இன்று பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இக்கடிகாரத்தை யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் நேரே வைத்துப் பார்க்க இயலாதோ எனின், அது எளிதன்று. அதிற் கலந்துள்ள மணற்றுகளை அளந்தால், மணலைத் தந்த பழைய மலையின் வயதே கிடைக்கும். கல் படிந்த காலம் கிடையாது. காபன் 14 என்னும் முறையும் இங்கே உதவாது. அக்காபன் 5730 ஆண்டுகளிற் பாதியாகக் குறைவது. ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளப்பதற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. கந்தரோடையில் 1970இல் அகழ்ந்தெடுத்த தொல்பொருட்களின் காலத்தை அறிய அது ஏற்றது. அவ்வூரின் அடியிற் கிடக்கும் கல்லுக்கு ஏலாது.

ஆகவே அறிஞர் சுற்றுவழியாற் செல்கின்றனர். உலகின் வேறு பகுதிகளில் உயிர்ச்சுவடு தாங்கிய படைகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் படிந்துள்ளது. சாம்பலில் உள்ள கனிப்பொருட்களிற் பொற்றாசியம் ஆகனாக மாறும் அளவைக் கொண்டு அதன் வயதைக் காண்பர். மேற்சாம்பலுக்கும் கீழ்ச்சாம்பலுக்கும் இடைப்பட்ட படையின் காலம் இவ்வாறு எல்லைப்படும். பின்னர், அப்படையின் உயிர்களையும் அவற்றோடு காலத்தால் இணைந்த பிற உயிர்களையும் படிப்படியாக ஒப்பிட்டு வந்தால், அந்த எண் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேரும். மயோசீன் முற்பகுதி எனப்படுவது இன்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டு முதல் 1 கோடியே 60 இலட்சம் ஆண்டு வரையுள்ள காலம்.

சிறு ஓடு ஒன்றும் சாம்பற்படை ஒன்றும் சேர்ந்தே இக்கணக்கைத் தருகின்றன. அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எண்ணும் நில்லாது. இதனாலேதான் உயிர்ச்சுவடு எந்தப் படையில், எந்த ஆழத்திற் கிடைத்தது என்ற குறிப்பு, அச்சுவட்டைப்போலவே விலையுயர்ந்தது. இடம் குறியாது பெயர்த்தெடுத்த சிப்பி அழகிய பொருளாகலாம், சாட்சி சொல்லாது.

காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை சீமெந்துக்காக இக்கல் பெருமளவில் அகழப்பட்டது. வீட்டுக்கும் வீதிக்கும் கல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால் குடிநீரைத் தாங்குவதும் இதே கல். 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த படை உடைந்து போனால் மனிதர் கையால் மீண்டும் படியாது. கிணற்றடியில் துலாவால் நீர் இறைத்த தலைமுறைகள் அக்கல்லின் வயதை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அதன் அருமையை அறிந்திருந்தன. வயதையும் அறிந்துவிட்ட தலைமுறைக்குப் பொறுப்பு இருமடங்கு.