வன்தட்டு மறைத்த பிழைகள்: ஒரு சின்ன வரலாறு

போன மாரியில் எங்கட குழுவில் ஒருவரின் வீட்டுக் கொம்பியூட்டர் ‘டிக்… டிக்…’ எண்டு சத்தம் போடத் தொடங்கியது. ஒரு ஃபோல்டரைத் திறக்க ஐந்து நிமிடம். இடையிடையே நீலத்திரை. கடையில் கேட்டால், “ஃபோர்மட் அடிச்சு விண்டோஸைத் திருப்பிப் போட்டாச் சரி” என்றார்கள். ஆனால் உள்ளே அம்மம்மாவின் கலியாணப் படங்கள் இருந்தன. இடப்பெயர்வுகளில் சுமந்து திரிந்த ஆல்பத்தை ஸ்கேன் பண்ணிவிட்டு, பூஞ்சணம் பிடித்த மூலப்படங்களை எறிந்திருந்தோம். இருந்த ஒரே பிரதி அந்தத் தட்டில்தான்.

இவ்வளவு சத்தமில்லாமல் பழுதாகிற ஒரு பொருளை நாங்கள் எப்படி இவ்வளவு நம்பினோம்? பதில் தேட, கொஞ்சம் பின்னால் போகவேணும்.

1956இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில், ரெனால்ட் ஜோன்சன் தலைமையிலான ஐபிஎம் குழு ‘ராமாக்’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு தொன்னுக்கும் மேல் பாரம். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்றைக்கு ஃபோனில் எடுக்கிற ஒரு படத்துக்கே அவ்வளவு இடம் போய்விடும். தட்டில் பூசியது இரும்பு ஒக்சைட்டுக் கலவை. அதற்கு மேலே காற்று மெத்தையில் மிதந்தபடி வாசிப்புமுனை எழுதும், வாசிக்கும். முனை தட்டில் முட்டினால் பூச்சு உரிந்துபோகும், எழுதினதும் அதோடு போகும். இன்றைய தட்டுகளிலும் அடிப்படை இதுதான். இடைவெளி மட்டும் சில நனோமீற்றராகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கிற தட்டைத் தட்டக் கூடாது, வீட்டில் வைத்துத் திறக்கவும் கூடாது. ஒரு தூசியே அங்கே பாறாங்கல்.

1980இல் சீகேட் நிறுவனம் சின்னக் கணினிகளுக்கு 5 மெகாபைட் தட்டை விற்கத் தொடங்கியது. 1983இல் ஐபிஎம்மின் எக்ஸ்டி கணினி 10 மெகாபைட்டோடு வந்தது. அந்தக் காலத்துத் தட்டுகளின் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். எந்தெந்த இடம் பழுது என்று தொழிற்சாலையே அதில் பட்டியல் போட்டிருக்கும். வாங்கினவர் அதைப் பார்த்துத் தட்டெழுதி, ‘இந்த இடங்களில் எழுதாதே’ என்று சொல்லவேணும். பழுதில்லாத தட்டு என்று ஒன்று இல்லை என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

1980களின் பிற்பகுதியில் ஐடிஇ வகைத் தட்டுகள் வந்தன. கட்டுப்படுத்துகிற மூளை தட்டோடேயே சேர்ந்தது. பழுதான இடத்துக்குப் பதிலாக ஒதுக்கத்திலிருந்து வேறோர் இடத்தைத் தட்டே எடுத்துக் கொடுத்துவிடும். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கறையான் அரித்த வளைக்கு மேல் பெயின்ற் அடித்த மாதிரி, பார்வைக்கு வீடு புதுசு. லேபிள் போனது, பழுது போகவில்லை.

பிறகு அந்தப் பெயின்றில் ஒரு சின்னத் துளை போட்டார்கள். 1992இல் ஐபிஎம், 1995இல் கொம்பக் செய்த முயற்சிகளிலிருந்து ‘ஸ்மார்ட்’ என்ற முறை வளர்ந்தது. தட்டு தன் நோயைத் தானே எண்ணி வைத்துக்கொள்ளும். ஆனால் அதையும் முழுசாக நம்பேலாது. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைப் பற்றி எழுதினார்கள். தட்டு தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டால், அடுத்த 60 நாளில் அது சாகிற வாய்ப்பு 39 மடங்கு கூடுகிறது. அதேநேரம், செத்த தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த எச்சரிக்கையும் தராமலே போயிருந்தன.

இந்த வரலாறு தெரிந்த பிறகுதான் நாங்கள் தட்டில் கைவைத்தோம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே மாற்றிக்கொடுத்த இடங்கள். சி5 என்பது வாசிக்க முடியாமல் தத்தளிக்கிற இடங்கள். சி7 மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிள்தான் பிழை. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சி5 ஏறினால் உடனே வேலையை நிறுத்துங்கள். செக்டிஸ்க் ஓட்டுவது அந்த நேரத்தில் சரிப்படாது. அதன் வேலை கோப்பு ஒழுங்கைச் சீராக்குவது, உங்கட படங்களைக் காப்பாற்றுவது இல்லை. ஏற்கெனவே இழுத்துக்கொண்டு கிடக்கிற தட்டுக்கு அது கூடுதல் சுமை. முதலில் பிரதி, பிறகுதான் திருத்தம்.

எங்கட தட்டில் ஏறியிருந்தது சி5. லினக்ஸ் போட்ட பென்டிரைவிலிருந்து ‘டிடிரெஸ்கியூ’ ஓட்டினோம். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்கு அது பிறகு திரும்பி வரும். ஒன்றரை நாள் எடுத்தது. அம்மம்மாவின் கலியாணப் படங்கள் வந்தன. பக்கத்து ஃபோல்டரில் பதினேழு படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. அவற்றில் இருந்தவர்கள் சிலரின் முகம் இனி எங்கேயும் இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்காவது பிரதி இருந்த அச்சு நூல்களைத் திரும்பத் தேடி எடுக்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளை எடுக்க வழியே இல்லை. 2005இல் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் தொடங்கியதற்குப் பின்னாலும் இந்த வலி இருந்தது. அங்கே எரித்தவர்கள் இருந்தார்கள். எங்கட வீட்டில் எரிக்க ஒருத்தரும் வரவில்லை. ஒரே பிரதி போதும் என்று நாங்களே இருந்துவிட்டோம்.

இப்ப அந்தப் படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: புதுத்தட்டில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, கொழும்பில் சித்தியின் வீட்டில் ஒன்று. உங்கட வீட்டுப் படங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன? வாசித்து முடித்த கையோடு ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.