அனுமனின் தாடை

தில்லி கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், பாபா கரக் சிங் சாலையிலுள்ள பழைய அனுமன் கோயிலுக்கு. அங்கே 1964 ஆகஸ்டு 1இல் தொடங்கிய ராமநாம ஜபம் இரவு பகலாக நடக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் தெருவரை நிற்கும். அத்தனை பேரும் கும்பிடும் பெயருக்குள் இருப்பது ஓர் எலும்பு.

வடமொழியில் ஹனு என்றால் தாடை. ஹரி அரியானதுபோல ஹனுமான் தமிழில் அனுமன் ஆனான். கிரேக்கத்தில் ஹனுவின் உறவுச்சொல் கெனுஸ், அதற்கும் தாடை என்றே பொருள். இலத்தீன் கெனா கன்னத்தையும், ஜெர்மானியக் கின் மோவாயையும் குறிக்கும். முகத்தில் அடுத்தடுத்து இருக்கும் உறுப்புகளின் பெயர்கள் இப்படி இடம் மாறுவது இயல்பு. 'தாடையில் அறைந்தான்' என்று நாம் சொல்லும்போது அடி விழுவது கன்னத்தில்தானே!

சூரியனைப் பழமென்று பாய்ந்த பிள்ளையை இந்திரன் வச்சிரத்தால் அடிக்க, இடத்தாடை முறிந்தது. அதனால் வந்த பெயர் என்று வால்மீகி ராமாயணத்தில் சாம்பவான் சொல்கிறான். ஆனால் பெயரின் ஈற்றிலுள்ள 'மத்' உடைமையைக் காட்டுவது, முறிவைக் காட்டுவதன்று. தாடையுடையவன், அதாவது எடுப்பான தாடையுடையவன் என்பதே சொல் தரும் பொருள். பெயர் முந்தியது, கதை பிந்தியது என்றே எனக்குப் படுகிறது.

பார்ஜிட்டர் என்ற ஆங்கிலேய அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு வழி காட்டினார்: திராவிட 'ஆண்மந்தி'யே அனுமந்தன் ஆனது என்றார். தமிழர் மகிழக்கூடிய விளக்கம்தான். ஆனால் தொல்காப்பிய மரபியலில் மந்தி பெண்பாற் பெயர். ஆணுக்குக் கடுவன் என்ற தனிச்சொல் இருக்கிறது. ஆண்மந்தி என்பது ஆண்பசு என்பதுபோல ஒட்டாத தொடர். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

குரங்கின் உடலமைப்பும் தாடைப் பொருளுக்கே துணை நிற்கிறது. கோல் மார்க்கெட்டின் பன்னிரு பக்கக் கட்டடத்தில் முன்பு இறைச்சிக் கடைகள் இருந்தன. அங்கே ஆட்டுத்தலையை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழ்த்தாடை நடுவில் பொருந்திய இரண்டு எலும்புகள், வேகவைத்தால் தனித்தனியே கழன்றுவிடும். பாம்புக்கு அந்த இடத்தில் இழுபடும் நார்தான் உண்டு. அதனால் தன் தலையைவிடப் பெரிய இரையையும் விழுங்குகிறது. குரங்குக்கும் நமக்கும் இரு பாதிகளும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. குரங்குக்கு மோவாய் துருத்தாது. தாடை முழுவதுமே முன்னே நீண்டிருக்கும்.

தில்லியின் செம்முகக் குரங்குக்குக் கன்னத்தில் பையும் உண்டு. அது கீழ்த்தாடையை ஒட்டிக் கழுத்துப் பக்கம்வரை இறங்கும். வாழைப்பழத்தை அடைத்துக்கொண்டால் முகமே தாடையாகிவிடும். லங்கூருக்கு, அதாவது நம் பழைய முசுவுக்கு, அந்தப் பை இல்லை. இலைகளை அரைத்துத் தின்பதற்கேற்ற ஆழமான தாடை இருக்கிறது. 2023இல் ஜி-20 மாநாட்டின்போது செம்முகக் குரங்குகளை விரட்டத் தில்லியில் லங்கூர் உருவத் தட்டிகளை நிறுத்தினார்கள். ஆங்கிலத்தில் 'அனுமன்' என்ற அடைமொழி லங்கூருக்குத்தான். ராமாயணக் கிட்கிந்தை என்று சொல்லப்படும் ஹம்பிப் பாறைகளிலோ லங்கூரும் உண்டு, கன்னப்பையுள்ள நாட்டுக்குரங்கும் உண்டு. ஹனு என்ற சொல் இரண்டுக்குமே பொருந்தும்.