சீனன்குடா எண்ணெய்க் குதங்கள்: 1942 முதல் 2022 வரை

பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதால் உருவானவை சீனன்குடா எண்ணெய்க் குதங்கள். கீழைக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்ப ஆழமும் மறைவும் உள்ள துறைமுகம் வேண்டியிருந்தது. சீனன்குடா அமைந்துள்ள திருகோணமலையில் இரண்டும் இருந்தன. 1920களில் தொடங்கிய வேலை அடுத்த பத்தாண்டிலும் நீடித்தது. இன்று கணக்கில் உள்ள தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும்.

அவை ஏறத்தாழ 850 ஏக்கர் காட்டில் பரந்து நிற்கின்றன. ஒரு தாங்கிக்குச் சராசரியாக எட்டு ஏக்கருக்கு மேல். அந்த இடைவெளியின் பெறுமதி 1942 ஏப்ரல் 9 அன்று தெரிந்தது. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் தாங்கியொன்றில் மோதியது. தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தாங்கியின் இரும்புத் தகடுகள் உருகி, மடிந்து, கசங்கிய நிலையில் இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன. மற்றவை தப்பின.

உள்ளே இருந்தது கப்பல்களுக்கான உலை எண்ணெய். அது எளிதில் தீப்பற்றாது. சூடேற்றினால்தான் ஆவி கிளம்பும். பெற்றோலோ நீரின் உறைநிலைக்கு வெகு கீழேயே தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும்.

1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்த பின் குதங்களில் பெரும்பகுதி பயன்படாமல் கிடந்தது. இவ்வளவு பெரிய கொள்ளளவைத் துருப்பிடிக்க விட்டது நாட்டுக்குப் பெரும் இழப்பு. 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இக்குதங்கள் இடம்பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி இங்கு இயங்கத் தொடங்கியது. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 தாங்கிகள் அதனிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 கூட்டு நிறுவனத்திடமும் சென்றன.

அடுத்த சில வாரங்களிலேயே டொலர் தட்டுப்பாடு நாட்டை முடக்கியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. கடைகளும் வீடுகளும் சிறிய மின்பிறப்பாக்கிகளை நாடின. எரிபொருள் நிலையங்களில் கான்களில் பெற்றோல் வழங்கத் தடை வந்தது; ஆனாலும் போத்தல்களிலும் கான்களிலும் பெற்றோல் வீட்டுக்குள் வந்தது. குதத்தில் ஏக்கர் கணக்கில் விடப்பட்ட இடைவெளி குசினியில் சில அடியாகச் சுருங்கியது.

சிறிய மின்பிறப்பாக்கியை வெளியே, சமதரையில், யன்னல்களுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. மூடிய அறையில் உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிடலாம். இயக்கும்போது முதலில் இயந்திர எண்ணெயின் மட்டத்தைப் பார்த்து, பெற்றோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடிக் கயிற்றை இழுக்க வேண்டும். இயந்திரம் பிடித்ததும் சோக்கை மெல்லத் திறந்து, ஓட்டம் சீரான பிறகே மின்குமிழையும் விசிறியையும் இணைக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் இவற்றைக் கழற்றிவிட வேண்டும். பெற்றோல் ஊற்றுவது இயந்திரம் நின்று ஆறிய பிறகுதான். சூடான புகைக்குழாயில் சிந்தும் துளிகளே பல தீக்காயங்களுக்குக் காரணம்.

சுவர்ச் செருகியில் மின்பிறப்பாக்கியைச் செருகவே கூடாது. பிரதான ஆளி அணைக்கப்படாவிட்டால் மின்சாரம் வீதிக் கம்பிக்கு ஏறி, மின்மாற்றியால் உயர்அழுத்தமாகி, கம்பத்தில் வேலை செய்யும் மின்சார சபை ஊழியரைக் கொல்லும்.