தேறாதவர் என்னும் பெயர்

உயர்நிலைப்பள்ளி மாணவரின் தற்கருத்துக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள உறவை நம் கல்வியியல் ஆய்வேடுகள் வினாநிரல் கொண்டு அளக்கின்றன. தன்னைக் குறைவாக மதிக்கும் மாணவரே மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாகிறார் என்று கண்டு, ஆலோசனை வகுப்புகளைப் பரிந்துரைத்து முடிக்கின்றன. அக்குறைமதிப்பு எங்கிருந்து வந்தது என்பது வராலாற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தொடக்கத்தில் அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டமே அளித்தன. நுழைவுக்கான மெட்ரிகுலேஷன் தேர்வு நாளடைவில் பள்ளிப் படிப்பு முழுமைக்கும் இலக்காயிற்று; அரசுப் பணிக்கும் வாயிலாயிற்று. 'நான் யார்' என்ற வினா எழும் பருவத்தில், முத்திரையிட்ட விடையொன்று வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. தேறாமையும் ஓர் அடையாளமாயிற்று. 'மெட்ரிக் ஃபெயில்' என்பதை வேலை விண்ணப்பத்தில் கல்வித்தகுதியாகவே எழுதினர்.

அந்த எல்லைக்கோடு அத்துணை உறுதியானதா? கல்கத்தாவில் 1858இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயரும் யதுநாத் போசும் கருணை மதிப்பெண் பெற்றே பட்டதாரிகளாயினர். இல்லையெனில் அவ்வாண்டு ஒருவரும் தேறியிருக்கமாட்டார். கோடு மனிதர் வரைந்தது, தேவைப்பட்டபோது நகர்ந்தது. மாணவரோ அதை இயற்கையின் தீர்ப்பாகவே ஏற்றார்.

விடுதலைக்குப் பின் சீர்திருத்தங்கள் வாராமலில்லை. 1952-53இல் இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, தேர்வின் ஆதிக்கத்தைக் கண்டித்தது. 1993இல் யஷ்பால் குழு, புத்தகப் பையின் எடையினும் புரியாமையின் சுமையே கொடிது என்றது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-10இல் மதிப்பெண்ணுக்கு மாற்றாகத் தரநிலையைக் கொணர்ந்தது. 2018இல் பத்தாம் வகுப்பில் கட்டாயப் பொதுத்தேர்வு மீண்டது. சுமையைக் குறைக்கும் முயற்சிகள் வந்தும் போயும் இருந்தன. தேர்வு முடிவே மாணவரின் பெயராகும் வழக்கம் மட்டும் நிலைத்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர். காரணங்கள் பல, அனைத்தையும் தேர்வின்மீது சுமத்துதல் ஆய்வு நேர்மையாகாது. எனினும் அழுத்தத்தை மாணவரின் மனக்குறையாக மட்டும் அளப்பதும் நேர்மையன்று. அடுத்த வினாநிரலை வகுக்கும் ஆய்வு மாணவர்கள், 'நீ உன்னை எவ்வாறு மதிக்கிறாய்' என்பதோடு, 'அந்த மதிப்பை உனக்கு யார் சொன்னார்' என்பதையும் கேட்க வேண்டுகிறேன்.