ஒளித்துவைத்த இடுக்கி



சத்திரவைத்தியர் கையாளும் இடுக்கிகள் பலவகைப்படும். இரத்தக்குழாயைக் கவ்விக் குருதியை நிறுத்துவது ஒன்று. தசையைப் பற்றித் தூக்குவது ஒன்று. பல்லைப் பிடுங்குவது மற்றொன்று. இவற்றுள் மகப்பேற்று இடுக்கியின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

அக்கருவி தோன்றுமுன், பிரசவம் தடைப்பட்டவிடத்து மருத்துவர் கொளுக்கியையே நாடினர். தாயைக் காக்கும்பொருட்டுச் சேயைச் சிதைத்தெடுத்தனர். 1569ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் புகலிடந்தேடி வந்த சேம்பர்லென் குடும்பத்தினர் இதற்கொரு வழி கண்டனர். குழந்தையின் தலைக்கு இசைய வளைந்த அலகுகள் இரண்டு; அவற்றைத் தனித்தனியே உட்செலுத்தி, பின்னர் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளலாம். எளிய உபாயமே, ஆயினும் குழந்தையை உயிருடன் எடுக்க அது வழி திறந்தது.

இதனை அவர்கள் உலகுக்கு ஈந்தனரோ? இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குடும்ப இரகசியமாகவே காத்தனர். கருவியைப் பெரிய பெட்டியில் மறைத்துக் கொண்டுசென்றனர் என்றும், பிரசவிக்கும் தாயின் கண்களைக் கட்டினர் என்றும் கதைகள் வழங்குகின்றன. 1670இல் ஹியூ சேம்பர்லென் பாரிஸ் நகருக்குச் சென்று, மொரிசோ என்னும் புகழ்பெற்ற மருத்துவருக்கு அந்த இரகசியத்தைப் பெருவிலைக்கு விற்க முயன்றார். மொரிசோ சோதனையாக, இடுப்பெலும்பு மிகவும் ஒடுங்கிய ஒரு பெண்ணை அவரிடம் ஒப்படைத்தார். முயற்சி தோற்றது, தாயும் சேயும் மாண்டனர், விற்பனையும் நடைபெறவில்லை.

1733இல் எட்மண்ட் சாப்மன் தம் நூலில் இடுக்கியை விளக்கியெழுதினார். அதன்பின் வில்லியம் ஸ்மெல்லி இலண்டனில் மாணவர் பலருக்கு அதன் முறையைக் கற்பித்தார். 1813இல், சேம்பர்லென் குடும்பத்தார் எசெக்சில் வாழ்ந்த பழைய வீட்டின் தளப்பலகைகளின் கீழிருந்து அவர்களுடைய கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. அதற்குள் அவ்விரகசியம் எவருக்கும் தேவைப்படவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மானிப்பாயில் தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கில மகப்பேற்று நூலொன்றைத் தமிழாக்கி, 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயருடன் 1857இல் வெளியிட்டார். தாம் கற்றதைப் பிறர் தாய்மொழியிலேயே கற்கட்டும் என்பது அவர் கருத்து.

ஒரு குடும்பம் கருவியைப் பெட்டியிற் பூட்டியது. ஒரு மனிதர் அறிவை அச்சேற்றினார். அந்த நூறாண்டில் இடுக்கி கிட்டாமையால் உயிரிழந்த குழந்தைகளை எண்ணிப்பார்ப்போமாயின், கல்வியை ஒளிப்பது எத்துணைக் கொடிது என்பது விளங்கும்.